கனவு அணியில் பின்னி எங்கே?

"எல்லாக் காலத்துக்கும் சிறந்த இந்திய ஒரு நாள் அணி" என்று பட்டியல் போடாத கிரிக்கெட் ரசிகர் இல்லை. எங்கள் ரயில்வே ஆபீசில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கொரு அணி! டெண்டுல்கர், சேவாக், கோலி, தோனி எல்லாவற்றிலும் இருக்கிறார்கள். சரிதான். ஆனால் ரோஜர் பின்னி ஒன்றில்கூட இல்லை. பெங்களூரில் இருந்துகொண்டு இப்படிச் செய்யலாமா?

ஊர்ப் பாசத்தில் சொல்லவில்லை. 1983 உலகக் கோப்பையில் அதிக விக்கெட் எடுத்தவர் அவர்தான். 8 ஆட்டம், 18 விக்கெட். செம்ஸ்போர்டில் ஆஸ்திரேலியாவை வென்றால்தான் அரை இறுதி என்ற நிலையில், 29 ரன் கொடுத்து 4 பேரை வீழ்த்தினார். இறுதி ஆட்டத்தில் லாயிட் அவுட் ஆனதும் அவர் பந்தில்தான்.

நண்பர்கள் பார்ப்பது மொத்தக் கணக்கை மட்டும். அன்று ஒரு நாள் ஆட்டங்களே குறைவு. அந்த இறுதி ஆட்டத்தில் 60 ஓவர் இருந்தும் இந்தியா எடுத்தது 183. ஸ்ரீகாந்த் அடித்த 38தான் இரு தரப்பிலும் அதிகம். இன்றைய கண்ணுக்கு 38 ஒரு ரன்னா?

ஆகவே ஆட்டம் எங்கே, எத்தனை ஓவர் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு ஆளை எடுங்கள். ஜூன் மாதத்து இங்கிலாந்து, 60 ஓவர் என்றால் என் அணியில் கபில்தேவுடன் பின்னியும் உண்டு. அவருக்காக யாரை நீக்குவது என்று கேட்கிறார்கள். ஆறாவது பேட்ஸ்மேனை நீக்குங்கள். ஜிம்பாப்வேக்கு எதிராக 17 ரன்னுக்கு 5 விக்கெட் போனபோது, கபிலுக்குத் துணை நின்று 60 ரன் சேர்த்தவரும் இதே பின்னிதான்.