நம்பகமான வண்டி எது?

மண்பாதைப் பந்தயத்துக்குச் சிறிய மோட்டார் சைக்கிள் தேடும் மாணவர்களே, குதிரைத்திறனைப் பார்க்குமுன் காற்று வடிகட்டியைப் பாருங்கள். 100 கன செ.மீ. நான்கு வீச்சு எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 முறை சுழன்றால் 3,000 முறை காற்றை உறிஞ்சும். திராட்டிலை முழுதும் திறந்தால் ஏறத்தாழ 300 லிட்டர்! பல்லாவரம், தாம்பரம் பகுதிகளின் சார்னோக்கைட் பாறையில் குவார்ட்ஸ் உண்டு. மோஸ் அளவில் அதன் கடினத்தன்மை 7. அந்தப் புழுதி உள்ளே புகுந்தால் சிலிண்டரின் இரும்புச் சுவரையும் கீறிவிடும்.

ஆகவே, வடிகட்டியை எளிதில் கழற்றிக் கழுவி, எண்ணெயிட்டு மாட்டக்கூடிய வண்டியே சிறந்தது என்பேன். உங்கள் கால் தரையில் ஊன்ற வேண்டும். விழுந்தால் நீங்களே தூக்க முடிய வேண்டும். 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் கியர் வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்டக்கூடாது. பயிற்சித் திடலே உங்கள் இடம். வடிகட்டியைக் கழுவச் சோம்புபவருக்கு எந்த வண்டியும் நம்பகமானதல்ல.