மொட்டை மாடிச் சாவி

என் மைத்துனனுக்கு ஒரகடத்தில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறை. மெஷின் வாங்க சீனா போகிறேன் என்றவன், "நீங்க பி.காம்.தானே மாமா, பில்லைச் சரிபார்க்க வாங்க" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனான்.

கிளம்புகிற நேரத்தில் ஒரு சின்னத் தகராறு. ஸ்ரீபெரும்புதூரில் என் வீட்டுப் பின் போர்ஷனில் ஒரு பீகார் தம்பதி குடியிருக்கிறார்கள். சட் பூஜைக்கு சூரியனுக்கு அர்க்கியம் விட மொட்டை மாடியைக் கேட்டார்கள். "அதெல்லாம் உங்க ஊர்ல வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு டாக்ஸியில் ஏறினேன்.

மெஷின் பேரம் முடிந்ததும் ரயிலில் சுவான்சௌ போனோம். பூஜியான் மாகாணத்துப் பழைய துறைமுக நகரம். (குவாங்சௌ அல்ல, அது வேறு ஊர்!)

முதல் அதிர்ச்சி, சத்தமின்மை. ஹார்ன் சத்தத்தை வைத்தே ஒரகடம் கூட்டுரோட்டைக் கடக்கிற ஜென்மம் நான். இங்கே பேட்டரி ஸ்கூட்டர்கள் பூனை மாதிரி முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கின்றன. இரண்டு தடவை துள்ளிக் குதித்தேன்.

இரண்டாவது, பூ! மேற்கு வீதி என்கிற கடைத்தெருவில் எதிரே வந்த பெண்கள் பலர் தலையிலும் பூ. நம்மைப் போல ஒரு முழம் இல்லை சார், கொண்டையைச் சுற்றி வட்டம் வட்டமாக! சுன்பூ என்ற மீனவக் கிராமத்து வழக்கமாம். இப்போது வெளியூர்ப் பெண்களும் காசு கொடுத்து வைத்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்கிறார்கள்.

மூன்றாவது, மரம். ஊரின் அடையாள மரம் நம்ம கல்யாண முருங்கை! சளி பிடித்தால் அடை தட்டுவோமே, அதே இலை. அதன் சீனப் பெயர்தான் அரபு வியாபாரிகள் வாயில் 'ஸைத்தூன்' ஆனது என்கிறார்கள். மார்க்கோ போலோவும் இபின் பதூதாவும் இந்த ஊரை அந்தப் பெயரால்தான் எழுதினார்கள்.

அடுத்து கையுவான் கோயில். 686-ல் தொடங்கிய புத்தர் கோயில். பிரதான மண்டபத்துக்குப் பின்னால் இரண்டு கல்தூண்கள். "மாமா, நரசிம்மர்!" என்று கத்தினான் மைத்துனன். ஆமாம், நரசிம்மர்தான். கிருஷ்ணரும் இருந்தார். ராமானுஜர் பிறந்த ஊர்க்காரனுக்கு அடையாளம் தெரியாமல் போகுமா? எப்போதோ அழிந்த ஓர் இந்துக் கோயிலின் தூண்களை, பழுதுபார்க்கும்போது இங்கே நட்டிருக்கிறார்கள்.

அந்தக் கதை கல்வெட்டாகவே இந்த ஊரில் கிடைத்திருக்கிறது, தமிழில்! 1281-ஆம் ஆண்டு சித்திரை மாதம். சம்பந்தப் பெருமாள் என்ற தமிழர், ஆட்சியிலிருந்த மங்கோலியக் கானின் உடல்நலம் வேண்டி, கானின் அனுமதியோடு இங்கே சிவனை எழுந்தருளச் செய்திருக்கிறார். சற்றுத் தள்ளி 1009-ல் கட்டிய மசூதி வேறு. இந்தப் பழைய பெருமைகளுக்காகத்தான் 2021-ல் யுனெஸ்கோ இந்த ஊரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

தூணடியில் உட்கார்ந்தேன். பிழைக்கப் போன இடத்தில் நம்ம ஆள் சாமிக்கு இடம் கேட்டிருக்கிறார். கேட்டது கோயிலுக்கு. கொடுத்திருக்கிறார்கள். என்னிடம் கேட்டது ஒரு மொட்டை மாடி, அதுவும் ரெண்டே வேளைக்கு! 'உங்க ஊர்ல வச்சுக்குங்க' என்று கானும் சொல்லியிருந்தால்? போதாக்குறைக்கு, உள்ளூர்க்காரர்களிடம் வாங்குவதைவிட மாதம் ஐநூறு ரூபாய் அவர்களிடம் அதிகம் வாங்குகிறேன். கான் என்ன வாடகை வாங்கினாரோ, கல்வெட்டில் இல்லை.

அன்றிரவு வீட்டுக்கு போன் போட்டேன்.

"அந்த மாடிச் சாவியை அவங்ககிட்ட கொடுத்துடு."

"நீங்க டாக்ஸி ஏறின அஞ்சாவது நிமிஷமே கொடுத்தாச்சு. பூஜையும் முடிஞ்சாச்சு. தெகுவான்னு ஒரு பலகாரம் கொடுத்தாங்க. ரொம்ப நல்லா இருந்தது."

"எனக்கு?"

"தீர்ந்துபோச்சு."

பாக்கி அந்த ஐநூறு. அடுத்த மாதத்திலிருந்து குறைத்துவிட்டேன். பி.காம். படித்து முடித்து இத்தனை வருஷத்தில் நானாக முன்வந்து கொடுத்த முதல் தள்ளுபடி!