இரண்டாவது வீடு சோறு போடுமா?

கணவன், மனைவி இருவரும் சம்பாதிக்கும் வீடுகளில் நாற்பது வயதையொட்டி ஒரு பேச்சு கிளம்பும்: இன்னொரு பிளாட் வாங்கிப் போட்டால், வாடகையே இ.எம்.ஐ.யைக் கட்டிவிடும். சென்னையில் தாம்பரத்துக்கு அப்பாலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் வீடு விற்கிறவர்கள் இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே பாதி வியாபாரத்தை முடித்துவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது தேறாது. பழைய பிளாட் ஒன்று 70 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், இதுவே 6.30 லட்சம். வங்கியில் 50 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 43,400 ரூபாய். முதல் மாதம் அதில் 35,400 ரூபாய் வட்டிக்கே போகும். வாடகை 18,000 வந்தால் வட்டியில் பாதியை அடைக்கும், அவ்வளவுதான். தவணையில் மீதி 25,400 ரூபாயை மாதாமாதம் சம்பளத்திலிருந்துதான் எடுத்து வைக்க வேண்டும்.

அந்த 18,000 முழுதாகக் கைக்கு வருவதும் இல்லை. குடியிருந்தவர் காலி செய்த மறுநாள் கதவைத் திறந்து பாருங்கள்: சுவரில் ஆணி அடித்த ஓட்டைகள், ஒழுகும் குழாய், வேலை செய்யாத கீசர், மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து கசிந்து கூரையில் படர்ந்த ஓதம். பெயிண்ட் அடித்து அடுத்தவர் வரும்வரை அசோசியேஷனுக்குப் பராமரிப்புக் கட்டணத்தை உரிமையாளர்தான் கட்டுவார். புரோக்கர் கமிஷன், சொத்து வரி எல்லாம் தனி. சைவம் மட்டும், பேச்சிலர் வேண்டாம் என்று நிபந்தனை போடுகிறவர்கள், ஒவ்வொரு நிபந்தனைக்கும் வீடு எத்தனை நாள் கூடுதலாகப் பூட்டிக் கிடக்கிறது என்று எண்ணுவதில்லை. இத்தனைக்கும் சேர்த்து ஆண்டுக்கு 40,000 ரூபாய் போகட்டும், குறைவாகவே போடுகிறேன். மிஞ்சுவது 1.76 லட்சம். போட்ட 76.30 லட்சத்துக்கு இது 2.3 சதவீதம். வங்கி டெபாசிட் இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் தரும். நள்ளிரவில் போன் செய்து மோட்டார் ஓடவில்லை என்றும் சொல்லாது.

டெபாசிட் வட்டி ஏறாது, வாடகை ஏறும் என்பார்கள். நியாயமான பேச்சு. ஆண்டுக்கு 5 சதவீதம் வாடகை ஏறினாலும், 2.3 சதவீதம் டெபாசிட்டின் 6.5 சதவீதத்தை எட்ட 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் லிஃப்டை மாற்ற வேண்டும், மொட்டை மாடிக்குத் தளம் போட வேண்டும் என்று அசோசியேஷன் ரசீதை நீட்டும். விலை ஏறுமே என்பது அடுத்த வாதம். பத்து வருஷத்தில் இரட்டிப்பு என்று கேட்கும்போது பெரிதாகத் தெரிகிறது, ஆண்டுக்கு 7.2 சதவீதம்தான் அது, வாங்கிய கடனின் வட்டியைவிடக் குறைவு. அந்த ஏற்றமும் நிலத்துக்குத்தான், கட்டடம் ஆண்டுதோறும் தேய்கிறது. பத்திரத்தில் எழுதியிருக்கும் பிரிபடாத பங்கு எத்தனை சதுர அடி என்று பார்த்தால், 70 லட்சத்தில் எவ்வளவு மண்ணுக்குப் போனது என்பது புரியும். வரிச் சலுகையும் பழைய மாதிரி இல்லை. பழைய வருமான வரி முறையில் வீட்டுக் கடன் வட்டியால் வரும் நட்டத்தில் 2 லட்சம் வரை சம்பள வருமானத்தில் கழிக்கலாம். இப்போது பெரும்பாலோர் இருக்கும் புதிய முறையில் அது முடியாது. 2024 ஜூலை 23 முதல் வாங்கும் வீட்டை விற்கும்போது பணவீக்கத்துக்கான கழிவும் கிடையாது; நீண்டகால லாபத்தில் 12.5 சதவீதம் வரி.

வாடகைதாரரைக் கிளப்ப முடியாது என்ற பயமும் உண்டு. 2011 கணக்கெடுப்பில் நாட்டின் நகரங்களில் 1.1 கோடி வீடுகள் காலியாகக் கிடந்ததற்கு அந்தப் பயமும் ஒரு காரணம். தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, 2017இல் இயற்றிய புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது அது. ஆனாலும் பதினோரு மாத ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதி அலமாரியில் வைக்கும் பழக்கம் போகவில்லை. தகராறு வந்தால் அந்தத் தாளை நம்பி நிற்பது கஷ்டம்.

சொந்த மனையில் மாடி போர்ஷன் எழுப்புகிறவர் கதை வேறு. அவருக்கு நிலத்துக்குச் செலவில்லை, கீழேயே குடியிருப்பதால் குழாய் ஒழுகினால் அன்றே தெரியும். அவருக்கு வாடகை வருமானம்தான். கடன் வாங்கிப் பிளாட் வாங்குகிறவர் செய்வதோ விலை ஏறும் என்ற பந்தயம். அதற்கு முதலீடு என்று பெயர் வைக்க வேண்டியதில்லை. வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்தக் கட்டடத்து வாட்ச்மேனிடம் போய்ப் பேசுங்கள். என்ன வாடகை போகிறது, கோடையில் எத்தனை லாரித் தண்ணீர் வருகிறது, எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதை அவர் சொல்லிவிடுவார்.