செகண்ட் ஹேண்ட் ஈகோ வாங்கப் போறீங்களா? சேஸிஸ் நம்பரைக் கேளுங்க

வீல்சேர்ல இருக்கிற அப்பாவை நாமக்கல்லருந்து சேலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக, பழைய ஈகோ எடுத்து லிஃப்ட் மாட்டிக்கலாம்னு சிலர் பிளான் பண்றீங்க. நல்ல பிளான்தான். டயர், மைலேஜ், இஎம்ஐ எல்லாம் பார்ப்பீங்க. ரீகால் பார்த்தீங்களா?

2023 ஜூலையில் மாருதி 87,599 எஸ்-பிரஸ்ஸோ, ஈகோ வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஸ்டியரிங் டை ராடில் குறை. 2021 ஜூலை 5 முதல் 2023 பிப்ரவரி 15 வரை தயாரான வண்டிகள், அதாவது இப்போ செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டுக்கு வர்ற அதே வண்டிகள்! பார்ட் மாத்துறது இலவசம். ஆனா ரெண்டு கை மாறின வண்டின்னா கம்பெனியோட போன் பழைய ஓனருக்குப் போயிருக்கலாம். அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாடி சேஸிஸ் நம்பரைச் சொல்லி சர்வீஸ் சென்டர்ல கேட்டுடுங்க.

எனக்கு உறுத்துறது லிஃப்ட்தான். அமெரிக்காவில் வீல்சேர் லிஃப்ட்டுக்கே தனி பாதுகாப்பு விதி உண்டு. குறை இருந்தா லிஃப்ட் கம்பெனியே ரீகால் பண்ணணும். இங்கே 2021 ஏப்ரல் 1 முதல் கட்டாய ரீகால் விதி இருக்கு, 7 வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு. பட்டறையில தனியா மாட்டின லிஃப்ட்டை யார் திரும்பக் கூப்பிடுவா?

லாரி பாடி கட்டுற நாமக்கல் ஊர்க் கைவேலையில எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா வெல்டிங் விட்டா விழுறது உங்க அப்பா. ஜிஎஸ்டி பில், எத்தனை கிலோ தாங்கும்னு எழுத்துல ஒரு வாரண்டி, ஆர்டிஓவில் ஆர்சி பதிவு, மூணையும் வாங்குங்க. ஆர்சியில ஏறாத மாற்றம்னா இன்ஷூரன்ஸ் க்ளெய்மும் சிக்கலாகும். "பில் வேண்டாம்னா குறைச்சுத் தரேன்"னு சொன்னா வேற பட்டறை பாருங்க.