வினவுவோர் கடன்

நோயுற்றவனைக் காணுமுன்னரே மருந்தளிக்கும் மருத்துவனை எவரும் மதிப்பதில்லை. நாடி பார்த்து, நோய் வந்த வழியை வினவி, அதன்பின் மருந்து தருபவனே நல்ல மருத்துவன். சமுதாயத்தின் துன்பங்களைக் களைய முற்படுவோர்க்கும் இவ்விதி பொருந்தும். இரக்கம் மட்டும் இருந்தாற் போதாது; துன்பத்தின் காரணத்தை அறியும் ஆற்றலும் வேண்டும்.

இவ்வாற்றலைக் கல்வியாகப் பயிற்றும் நோக்கத்துடன் 1936-ஆம் ஆண்டில் பம்பாயில் ஒரு சமூகப்பணிப் பள்ளி தொடங்கப்பெற்றது. அதுவே இன்று டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் என வழங்குகிறது. சென்னையில் 1952-ஆம் ஆண்டில் திருமதி மேரி கிளப்வாலா ஜாதவ் அவர்களின் முயற்சியால் இத்தகைய பள்ளி ஒன்று தோன்றியது. இங்கெல்லாம் பயில்வோர் நூலறிவோடு நின்றுவிடுவதில்லை. குடிசைப் பகுதிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் சிறுவர் இல்லங்களுக்கும் சென்று மக்களோடு பழகுகின்றனர், ஆய்வும் செய்கின்றனர். இளைஞர் எதிர்நோக்கும் இடர்கள் அவ்வாய்வுகளுக்கு உரிய பொருள்களுள் ஒன்றாகும்.

“மாணவர் செய்யும் ஆய்வினால் விளையும் பயன் யாது? அது நூலக அலமாரியில் உறங்கத்தானே போகிறது?” எனச் சிலர் ஏளனம் செய்வர். ஆய்வு பட்டம் பெறுவதற்கு மட்டும் எழுதப்படுமாயின் அவ்வேளனம் தகுந்ததே. ஆனால், நேர்மையாக வினவப்பெறும் ஒரு வினா எத்துணை வலிமையுடையது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

சிறுவன் ஒருவன் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அவன் சோம்பேறி என்பார் ஆசிரியர். பிடிவாதக்காரன் என்பார் தந்தை. தீய நட்பே காரணம் என்பர் அயலார். சமூகப்பணி மாணவர் ஒருவர் அவனிடமே சென்று பேசுகிறார். முதல் நாள் அவன் வாய் திறப்பதில்லை. பன்முறை சென்று பழகிய பின்னரே, எழுத்துக் கூட்டிப் படிக்க இயலாமையும், வகுப்பில் பிறர் நகைத்ததால் உண்டான நாணமும் வெளிப்படுகின்றன. சோம்பேறிக்குக் கண்டிப்பு வேண்டும் என்று எண்ணியவர்கள், அவனுக்கு வேண்டுவது பொறுமையுடன் கற்பிக்கும் ஒருவரே என்பதை உணர்கின்றனர். காரணம் மாறியவுடன் மருந்தும் மாறுகின்றதன்றோ?

செவிசாய்த்துக் கேட்டல் செயலாக மலர்ந்ததற்கு மும்பையில் ஒரு சான்று உண்டு. டாட்டா நிறுவனத்தில் ஆசிரியராக இருந்த ஜெரூ பில்லிமோரியா அம்மையார், தெருக்களிலும் புகைவண்டி நிலையங்களிலும் வாழ்ந்த சிறுவர்களோடு பழகினார். தம் தொலைபேசி எண்ணையும் அவர்களுக்கு அளித்தார். இரவு நேரங்களிலும் அழைப்புகள் வந்தன. இன்னல் நேரும்போது அழைப்பதற்கு ஆளில்லாமையே அச்சிறுவர்களின் பெருங்குறை என்பது புலனாயிற்று. அதன் விளைவாக, 1996-ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் களப்பணித் திட்டமாக ‘சைல்டுலைன்’ தொடங்கப்பெற்றது. 1098 என்னும் எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தெருவில் வளர்ந்த இளைஞர்களும் அப்பணியில் பங்குகொண்டனர். பின்னர் அது நாடெங்கும் பரவியது. இன்று அரசின் பொறுப்பில் நடைபெறுகின்றது.

இச்சான்று உணர்த்தும் நெறி ஒன்று உண்டு. ‘கடன்’ என்னும் சொல் கடமையையும் குறிக்கும். பெற்றதைத் திருப்பித் தரவேண்டிய பொறுப்பையும் குறிக்கும். ஆய்வு மாணவருக்கு இவ்விரு பொருளும் பொருந்தும். இளைஞன் ஒருவன் தன் வறுமையையும் அச்சத்தையும் கூறும்போது, தன்னிடமுள்ள விலைமதிப்பற்ற பொருளை நம்பிக் கொடுக்கின்றான். அவன் விரும்பாததை வற்புறுத்திக் கேட்டல் தகாது. அவன் பெயரை வெளியிடுதலும் தகாது. கண்ட உண்மையைச் செயலாற்ற வல்லோரிடம் சேர்த்தல் வேண்டும். வினவப்பட்டவர்க்கே விளைவை எடுத்துரைத்தலும் வேண்டும். இவற்றைச் செய்யாத ஆய்வு, தீராக் கடனாகவே நிற்கும்.

இளைஞரைப் பற்றிப் பேசுவோர் பலர். இளைஞரோடு பேசுவோர் சிலர். அச்சிலருள் ஒருவராவதற்குப் பட்டம் பெறும்வரை காத்திருத்தல் வேண்டா. பக்கத்து இருக்கை பல நாள் வெறுமையாக இருப்பதைக் காணும் பள்ளி மாணவன், அதற்குரிய தோழனின் இல்லம் தேடிச் சென்று அன்புடன் வினவுவானாயின், அதுவே சமூகப்பணியின் முதற்பாடம் ஆகும்.