எந்த ஷஅபான்?

ரமலான் 29-ம் நாள் மாலை. தாராவியில் தோல் பை தைக்கும் கைகள் சற்று ஓய்கின்றன. எல்லாருடைய பார்வையும் மேற்கே. தகரக் கூரைகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் நடுவே தெரிகிற துண்டு வானத்தில் பிறை அகப்படுவது அதிர்ஷ்டம்தான். மேகம் மூடிவிட்டால் பள்ளிவாசல் அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டும். பெண்டி பஜார் பக்கத்து தாவூதி போராக்களுக்கு இந்தத் தவிப்பே கிடையாது. அவர்களுடைய காலண்டர் ஃபாத்திமி ஆட்சிக் காலத்துக் கணக்கு. ரமலானுக்கு எப்போதும் 30 நாள். பெரும்பாலும் ஓரிரு நாள் முன்னதாகவே பெருநாளைக் கொண்டாடி முடித்துவிடுவார்கள்.

கண்ணால் பார்ப்பதா, கணக்குப் போடுவதா? வாக்கியமா, திருக்கணிதமா என்று பஞ்சாங்கத்துக்காக மல்லுக்கு நிற்கும் மாட்டுங்காவுக்கு இந்தச் சண்டை புதிதாகத் தோன்றாது.

இஸ்லாம் வருவதற்கு முன் அரேபியருக்குத் தொடர்ச்சியான ஆண்டுக் கணக்கு இருக்கவில்லை. மக்காவின் மீது யானையோடு படை வந்த ஆண்டு ‘யானை ஆண்டு’. அவ்வளவுதான். மாதம் பருவத்தை விட்டு விலகினால் நடுவில் ஒரு மாதத்தைச் செருகிக்கொள்வார்கள். குர்ஆன் அதற்குத் தடை போட்டது. ஆண்டு 354 அல்லது 355 நாளாகச் சுருங்கியது. அதனால்தான் நோன்பு சுமார் 33 ஆண்டில் எல்லாப் பருவங்களையும் ஒரு சுற்று சுற்றி வருகிறது. மே மாத மும்பைப் புழுக்கத்தில் நோன்பு பிடித்தவர், உடம்பில் தெம்பிருந்தால், அதே நோன்பை டிசம்பரிலும் பிடிப்பார்.

ஆண்டுகளுக்கு எண் கொடுத்த பெருமை இரண்டாம் கலீஃபா உமருக்கு. கி.பி. 638 வாக்கில் அவரிடம் ஒரு கடன் பத்திரம் வந்ததாம். ஷஅபானில் திருப்பித் தர வேண்டும் என்று எழுதியிருந்தது. “எந்த ஷஅபான்? போனதா, வரப்போவதா?” என்று கேட்டார் உமர். பாரசீகக் கணக்கைப் பின்பற்றலாம் என்று ஒரு யோசனை வந்தது. புது அரசன் வந்தால் அவர்கள் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவார்களே என்ற மறுப்பும் வந்தது. நபிகள் பிறந்த ஆண்டு, மறைந்த ஆண்டு எல்லாம் பேசப்பட்டன. கடைசியில் மக்காவிலிருந்து மதீனாவுக்குப் புலம்பெயர்ந்த 622-ஐத் தொடக்கமாக வைத்தார்கள். ஒரு புலப்பெயர்வைக் கொண்டு காலத்தை எண்ணுவது, திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிட வந்து குடியேறியவர்களின் தாராவிக்குப் பொருத்தமானதுதான்.

உமரின் கேள்வி தமிழனுக்கும் உரியது. பிரபவ வருஷத்துப் பத்திரம் என்றால் 1927-ஆ, 1987-ஆ? அறுபது பெயர்கள் சுற்றிச் சுற்றி வரும் கணக்கில் இதற்குப் பதில் கிடையாது. திருநெல்வேலிக்காரர்கள் கொல்லம் ஆண்டையும் சேர்த்து எழுதித் தப்பித்தார்கள்.

கணக்கை விட ஆழமான மாற்றம் ஒன்று உண்டு. பழைய அரபுக் கவிஞர்களுக்குக் காலம் என்றால் ‘தஹ்ர்’: மனிதனைத் தேய்த்துத் தின்று தீர்க்கும் முகமற்ற சக்தி. நேரத்தையும் எமனையும் ‘காலன்’, ‘காலம்’ என்று ஒரே வேரில் சொல்லும் தமிழுக்கு இது விளங்கும். தஹ்ரைத் திட்டாதீர்கள் என்றது நபிமொழி. காலத்துக்குத் தனி ஆட்சி இல்லை, அதுவும் இறைவனின் கையில் என்பது அதன் பொருள். பின்னால் வந்த அஷ்அரி அறிஞர்கள் காலத்தையே நுண்துளிகளாக உடைத்தார்கள். ஒவ்வொரு கணத்திலும் உலகம் புதிதாகப் படைக்கப்படுகிறதாம். நேற்று எரிந்த நெருப்பு இன்றும் எரிவது வெறும் வழக்கமே!

இத்தனையையும் வரலாறாக்கியவர் பாக்தாதில் 923-ல் இறந்த தபரி. நபிமார்கள், அரசர்கள் பற்றிய அவருடைய பெருநூல் காலம் என்றால் என்ன என்ற கேள்வியை ஆரம்பத்திலேயே எடுத்துக்கொள்கிறது. இரவும் பகலும் சேர்ந்த நேரங்கள்தான் காலம் என்பது அவர் பதில். ஹிஜ்ரத்துக்குப் பிறகு ஆண்டு ஆண்டாக நகர்கிறது நூல். ஒரே சம்பவத்துக்கு மூன்று விதமான தகவல் இருந்தால் மூன்றையும், யார் யாரிடம் கேட்டார் என்ற சங்கிலியோடு வைத்துவிடுவார். தீர்ப்பு பெரும்பாலும் வாசகருடையது. இன்றைய பத்திரிகைகளில் இந்த அடக்கம் அபூர்வம்.

பிறைக்குத் தலைவணங்காதது வரி வசூல் மட்டுமே. சந்திர ஆண்டுக்கு அறுவடை கட்டுப்படாது. பயிர் விளையுமுன் வரி கேட்கும் நிலை வந்ததால், 895-ல் கலீஃபா அல் முஃததித் வரி ஆண்டின் தொடக்கத்தை ஜூனுக்குத் தள்ளினார். மொகலாயர்களும் இதே சிக்கலில் மாட்டி, ஹிஜ்ரி எண்ணை எடுத்துச் சூரிய ஆண்டில் ஓடவிட்டார்கள். தக்காணத்தில் ஷாஜஹான் ஆட்சியில், 1636 வாக்கில், ஹிஜ்ரி 1046-ல் அது தனியாகப் பிரிந்தது. அதன் பெயர் பசலி.

தாராவிக்காரர் சொந்த ஊருக்குப் போய்ப் பூர்வீக நிலத்தின் அடங்கலைக் கேட்டால், அதில் இருப்பது பசலி ஆண்டுதான். 2025 ஜூலை 1-ல் பிறந்தது பசலி 1435. அன்று ஹிஜ்ரியோ 1447. அசல் 12 ஆண்டு முந்திப் போய்விட்டது. கிராம நிர்வாக அலுவலர் பிறை பார்ப்பதில்லை.