குறி கேட்க வேண்டிய இடம் எது?

நம் நாட்டில் ஒரு குழந்தைக்கு ஜுரம் கண்டால், இன்றைக்கும் எத்தனையோ வீடுகளில் முதலில் நடப்பது பூசாரியிடம் குறி கேட்பதும், மந்திரித்துக் கயிறு கட்டுவதும், முடி இறக்குவதாய் வேண்டிக்கொள்வதுந்தான். இவ்வளவும் முடிந்து, குழந்தைக்கு நினைவு தப்புகிற சமயத்தில்தான் ஆஸ்பத்திரி ஞாபகம் வருகிறது. இதை மலைவாசிகளின் அறியாமை என்று கீழ்நாட்டார் சிரிப்பதற்கு யோக்கியதை கிடையாது. ஏற்காட்டுக்கு உல்லாசமாய் வருகிற பட்டதாரியும், காரின் முன்னால் எலுமிச்சம்பழம் கட்டிக்கொண்டுதான் மலையேறி வருகிறார்.

குறியே கேட்கக் கூடாதென்று நாம் சொல்ல வரவில்லை. கேட்க வேண்டிய இடத்தில் கேளுங்கள் என்றுதான் சொல்லுகிறோம். அந்த இடம் பூசாரியின் வாய் அல்ல. நோயாளியின் இரத்தத்தில் ஓடுகின்ற வெள்ளணுவின் மேனியாகும்.

அது எப்படியெனில், வெள்ளணுவின் மேற்பரப்பில் பலவகைப் புரதங்கள் பொருந்தியிருக்கின்றன. 1982-ல் பாரீசில் கூடிய விஞ்ஞானிகள் இவற்றிற்கு சி.டி. என்ற எழுத்தும் எண்ணும் கொடுத்து ஒழுங்குபடுத்தத் துவங்கினார்கள். இன்று அவ்வெண்கள் 350-க்கு மேல் போய்விட்டன. இரத்தக் குழாயின் சுவரைத் தொட்டு உருளுவதற்கு வெள்ளணுவுக்கு எல்-செலக்டின் என்னும் புரதம் உதவுகிறது. கிருமி புகுந்த சேதி எட்டியதும் வெள்ளணு அதை உதிர்த்துவிடுகிறது. உள்ளே பதுக்கி வைத்திருந்த சி.டி.11பி, சி.டி.18 என்ற ஜோடிப் புரதத்தைச் சில நிமிஷங்களில் மேலே கொண்டுவந்து, அதனால் சுவரைப் பற்றி நின்று, குழாயை விட்டு வெளியேறிப் புண் இருக்கும் இடத்துக்குப் போகிறது. சி.டி.64 என்பது சுகமான காலத்தில் நியூட்ரோபில் என்னும் வெள்ளணுவின்மேல் மிகச் சொற்பமாகவே இருக்கும். பாக்டீரியாக் கிருமி உடம்பில் பரவினால் சில மணி நேரத்திற்குள் அது பன்மடங்கு பெருகிவிடும். வெள்ளணுக்களை ஒவ்வொன்றாய் ஒளிக்கதிரின் முன் ஓடவிட்டு இதை அளக்கும் இயந்திரம் பெரிய ஆராய்ச்சி நிலையங்களில் இருக்கிறது. இந்த ஓர் அளவைக் கொண்டே தீர்ப்புச் சொல்லிவிட முடியாது என்பதையும் டாக்டர்களே சொல்லுகிறார்கள். தன் குறி தப்பலாம் என்று எந்தப் பூசாரியாவது சொல்லியிருக்கிறானா?

சாமி கோபம் போகட்டும், "முன்வினை" என்கிறார்களே, அதையும் பார்ப்போம். பிறவியிலேயே சி.டி.18 பழுதான குழந்தைகள் அபூர்வமாய்ப் பிறக்கின்றன. அவற்றிற்குத் தொப்புள் கொடி உரிய காலத்தில் விழுவதில்லை. புண்ணில் சீழ் பிடிப்பதில்லை. இரத்தத்தில் வெள்ளணுக்கள் ஏராளமாய் இருந்தும், குழாயை விட்டு வெளியேற வழியில்லாததால் தொற்று மேல் தொற்று வந்து வருத்துகிறது. இது போன ஜன்மத்துப் பாவமன்று. தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்த பழுதான மரபுக்கூறுதான் காரணம். அக்காள் மகள், மாமன் மகள் என்று நெருங்கிய சொந்தத்திலேயே கலியாணம் செய்வதால் இந்த ஆபத்து அதிகமாகிறது. அப்படியிருக்க, பெற்றவளை "பாவி" என்று தூற்றுவது எவ்வளவு அக்கிரமம்!

இன்னும் பாருங்கள். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் மேற்பார்வையில் ஆராய்ச்சி செய்த நிர்மலா என்ற மாணவி, விலைமாதர் என்று உலகம் ஒதுக்கிய பெண்களின் இரத்தத்தைச் சேகரித்தார். வேலூர் ஆஸ்பத்திரியில் சோதித்தபோது இந்தியாவிலேயே முதன்முதலாக எச்.ஐ.வி. கிருமியின் அடையாளம் தென்பட்டது. உடனே இது ஒழுக்கங்கெட்டவர்களுக்கு வந்த தண்டனை என்று பேசப்பட்டது. உண்மை யாதெனில், இக்கிருமி வெள்ளணுவின்மேல் உள்ள சி.டி.4 புரதத்தைக் கைப்பிடியாகப் பற்றி உள்ளே நுழைகிறது. நுழைந்தபின் அந்தக் கைப்பிடியையே உள்ளே இழுத்து மறைத்துவிடுகிறது. வேறொரு வகை வெள்ளணுவின்மேல் சி.டி.38 பெருகி, உடம்பில் ஓயாத யுத்தம் நடப்பதைக் காட்டுகிறது. சி.டி.4-க்கு ஒழுக்கமும் தெரியாது, சாதியும் தெரியாது. கணவனையன்றி வேறொருவரை அறியாத மனைவிமார் எத்தனையோ பேருக்கு, அந்தக் கணவனாலேயே இந்நோய் வந்தது. அவர்களை எந்தத் தெய்வம், எதற்காகத் தண்டித்தது என்று கேட்கிறோம்.

நிற்க, வாழவந்தி போன்ற சேர்வராயன் மலை ஊர்களில் இந்தப் பெரிய இயந்திரத்தை நாளைக்கே கொண்டுவந்து வைக்கும்படி நாம் கேட்கவில்லை. ஆனால் ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடியில் தடவி, பூதக்கண்ணாடியில் வைத்து வெள்ளணுக்களை எண்ணுவதற்குச் செலவு சொற்பமே. ஜுரத்தில் நடுங்குகிறவன் மலையிறங்கிச் சேலத்துக்குப் போவதைவிட, பரிசோதனை மலையேறி அவனிடம் வருவதுதான் நியாயம். கும்பாபிஷேகத்துக்கு வீடு வீடாய் வசூல் செய்யத் தெரிந்த பெரியவர்கள், இதற்காகச் சர்க்காருக்கு மனுப்போடவும் முன்வரவேண்டும். சர்க்காரும் வாழ வந்த மக்களைச் சாக விடாமல், கேட்டதைச் செய்ய வேண்டும்.

பூசாரி சொல்லும் குறி தட்டில் விழும் காசுக்குத் தகுந்தபடி மாறும். வெள்ளணு காட்டும் குறி உடம்பில் உள்ள நோய்க்குத் தகுந்தபடிதான் மாறும். இவ்விரண்டில் எதை நம்பிப் பிள்ளையை ஒப்படைப்பது என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ள வேண்டுகிறோம்.